7×5 அடி பழைய பாத்ரூமைப் புதுப்பிக்க: ஜீவன் பீமா நகர், முதல் மாடி. டைல்ஸ் மேல் டைல்ஸ் ஒட்டலாமா?

சேது_பெங்களூரு

வணக்கம். 1987-இல் கட்டிய தனி வீடு. கீழே வாடகைக்கு இருக்கிறார்கள், முதல் மாடியில் நாங்கள், அதற்கு மேல் மொட்டை மாடி. பாத்ரூமின் உள்ளளவு 7 அடிக்கு 5 அடி, உயரம் ஒன்பதரை அடி. நாலடி வரை 6 இஞ்ச் வெள்ளை டைல்ஸ், மொசைக் தரை, எட்டு இஞ்ச் மேடையில் இண்டியன் க்ளோசெட், சுவருக்குள் ஜி.ஐ. பைப், 15 லிட்டர் கீசர். மாடியில் நாலடி ஸ்டாண்டு மேல் டேங்க், பக்கத்தில் 200 லிட்டர் சோலார். சம்பில் காவேரித் தண்ணீரும் போர் தண்ணீரும் கலந்துதான் நிற்கும்.

வேண்டியது: சுவரில் தொங்கும் கமோடு, பெரிய ரெயின் ஷவர், கறுப்பு மேட் குழாய்கள், கண்ணாடித் தடுப்பு, 2×4 அடி டைல்ஸ், ஷவர் பக்கம் சோப்பு, ஷாம்பு வைக்கச் சுவரில் ஒரு மாடம். அப்பா அம்மா இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது, தரை வழுக்கவே கூடாது.

காண்ட்ராக்டர் பழைய டைல்ஸை உடைக்காமல் அதன் மேலேயே ஒட்டி ஆறு நாளில் முடிக்கலாம் என்கிறார். கீழ்வீட்டுச் சமையலறைக் கூரையில் ஒரு மூலை ஈரம் பாய்ந்து பெயிண்ட் உரிகிறது. எதில் ஆரம்பிக்கலாம்?

ரசமட்டம்

சேது சார், கீழ்வீட்டு ஈரத்தில் ஆரம்பியுங்கள். டைல்ஸ் எல்லாம் அதற்குப் பிறகு.

டைல்ஸ் மேல் டைல்ஸ் ஒட்டுவது தப்பான வேலை இல்லை. பழையதைத் தட்டிப் பார்த்தால் பொள்ளல் சத்தம் வரக் கூடாது, சுவருக்குள் பைப் நல்ல நிலையில் இருக்க வேண்டும், கசிவு இருக்கக் கூடாது. இந்த மூன்றும் சரியாக இருந்தால் தாராளமாக ஒட்டலாம். உங்கள் வீட்டில் இரண்டு இப்போதே இல்லை. ஜி.ஐ. பைப்பின் துத்தநாகப் பூச்சு போன பிறகு உள்ளே துரு கட்டி வழி சுருங்கிக்கொண்டே போகும். மரை வெட்டிய இடத்தில் பைப்பின் தடிமன் குறைவு, அதனால் ஊசித்துளை அங்கேதான் முதலில் விழும். அதை மூடி மேலே புது டைல்ஸ் ஒட்டினால், கசிவு எங்கே என்று கண்டுபிடிக்கப் புதியதைத்தான் உடைக்க வேண்டிவரும். தவிர, தரையில் இன்னும் 12 முதல் 15 மில்லிமீட்டர் ஏறும். பாத்ரூம் தரை ஹாலை எட்டிவிட்டால் தண்ணீர் கதவு தாண்டி வரும்.

ஆட்களைக் கூப்பிடும் முன் நானி ட்ராப் (தரைத் தண்ணீர் இறங்கும் வாய்) பக்கத்தில் ஒரு சதுர அடி மொசைக்கை மட்டும் உடைத்து, ஸ்லாப் வரை தோண்டிப் பாருங்கள். பிரேக்கர் மெஷின் வேண்டாம், உளியும் சுத்தியலும் போதும். கீழே எத்தனை இஞ்ச் நிரப்பு இருக்கிறது, அது ஈரமா என்பது தெரிந்தால்தான் கமோடு, ட்ராப், தரை மட்டம் எதையும் முடிவு செய்ய முடியும்.

சேது_பெங்களூரு

தோண்டியாகிவிட்டது. மொசைக்குக்குக் கீழே சரியாக ஒன்பது இஞ்ச் செங்கல் ஜல்லி. மேலே சும்மா ஈரம், அடியில் சேறு மாதிரி, கருத்த தண்ணீர் ஊறி நிற்கிறது. ஸ்லாப்பில் ஓரிடத்தில் கம்பி வெளியே தெரிகிறது, துருப்பிடித்திருக்கிறது. ஹால் தரையைவிட பாத்ரூம் தரை இரண்டு இஞ்ச் தாழ்வு.

தூக்குக்குண்டு

அப்படியானால் இது சங்கன் ஸ்லாப், அதாவது பாத்ரூமுக்காகத் தாழ்த்திப் போட்ட ஸ்லாப். தரைக்குக் கீழே ஒரு தொட்டி இருக்கிறது, அது நிரம்பி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே என்ன பூசினாலும் அந்தத் தண்ணீர் கீழ்வீட்டுக்குத்தான் இறங்கும். நிரப்பு முழுவதையும் அள்ளி வெளியே போட வேண்டும்.

கம்பி தெரியும் இடத்தில் உதிர்கிற காங்கிரீட்டைத் தட்டி எடுத்து, கம்பியைக் கம்பித்தூரிகையால் தேய்த்து வெளுப்பாக்கி, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த கலவையால் அடையுங்கள். பாதிக்கு மேல் தின்றுபோயிருந்தால் ஒரு ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் நேரில் பார்க்காமல் அடுத்த வேலை வேண்டாம்.

ஸ்லாப் காய்ந்ததும் தரையும் சுவரும் சேரும் மூலை முழுக்கக் கலவையால் ஒரு இஞ்ச் அளவுக்குச் சரிவாக வளைத்துவிடுங்கள். செங்குத்து மூலையில் பூச்சு மெலிந்து முதலில் வெடிப்பது அங்கேதான். அதன் மேல் ஃபைபர் வலை வைத்து, இரண்டு பாகமாக வரும் சிமென்ட் பாலிமர் வாட்டர்ப்ரூஃபிங்கை இரண்டு கோட் அடியுங்கள். முதல் கோட் நீளவாட்டில், அது காய்ந்த பிறகு இரண்டாவது குறுக்குவாட்டில். தொட்டியின் நான்கு சுவரிலும் ஏறி, முடிந்த தரைக்கு மேல் ஒரு அடியாவது வர வேண்டும். ஷவர் நிற்கிற பக்கம் ஏழு அடி வரை.

பெரும்பாலும் யாரும் செய்யாத ஒன்று சொல்கிறேன். ஸ்லாப் மட்டத்தில், வெளிச்சுவரைத் துளைத்து ஒரு இஞ்ச் பி.வி.சி. பைப் ஒன்றை வெளியே எட்டிப்பார்க்கிற மாதிரி விடுங்கள். உள்முனையில் வலை கட்டி, சுற்றிச் சின்ன ஜல்லி. நாளைக்கு எங்காவது கசிந்தால் தண்ணீர் அந்தப் பைப்பில் வெளியே சொட்டும். கீழ்வீட்டுக்காரர் வந்து சொல்லும் முன் உங்களுக்கே தெரிந்துவிடும்.

நிரப்புக்குத் திரும்பச் செங்கல் ஜல்லி போட்டால் கனம். 35 சதுர அடி, முக்கால் அடி ஆழம், சுமார் 26 கன அடி. செங்கல் ஜல்லிக் கலவை கன அடிக்கு 50 கிலோ என்றால் 1,300 கிலோ வரும். ஏ.ஏ.சி. பிளாக் (காற்றுக் குமிழ் நிறைந்த லேசான காங்கிரீட் கல்) துண்டுகளை அடுக்கி மெல்லிய கலவையால் இடைவெளி அடைத்தால் ஏறக்குறைய 500 கிலோவில் முடியும். பழைய ஸ்லாப்புக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் ஏ.ஏ.சி. தண்ணீரைக் குடிக்கும். அதனால் நிரப்பின் மேல் இரண்டு இஞ்ச் காங்கிரீட் போட்டு, அதன் மேலும் இன்னொரு முறை இரண்டு கோட் கட்டாயம்.

ரசமட்டம்

தூக்குக்குண்டு சொன்னதோடு சோதனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ட்ராப் வாயையும் அந்த ஒரு இஞ்ச் பைப்பையும் அடைத்து, இரண்டு இஞ்ச் தண்ணீர் கட்டி, சுவரில் பென்சிலால் கோடு போட்டு 48 மணி நேரம் விடுங்கள். நிரப்புக்கு முன் ஒரு தடவை, மேல் பூச்சு முடிந்து ஒரு தடவை. தண்ணீர் கட்டும் முன் கீழ்வீட்டுக் கூரையில் ஈரக்கறையின் விளிம்பைச் சுற்றியும் பென்சில் கோடு போட்டுவிடுங்கள். பழைய ஈரம் காய வாரக்கணக்கில் ஆகும், அதைப் பார்த்துப் புதுக் கசிவு என்று பயப்பட வேண்டாம். கறை கோட்டைத் தாண்டி வளர்ந்தால்தான் கசிவு.

குழாய்_முருகேசன்

பைப் வேலைக்கு வர்றேன். குளிர், சூடு ரெண்டுக்கும் சி.பி.வி.சி. (சூடு தாங்கற பிளாஸ்டிக் பைப்) எஸ்.டி.ஆர். 11 போடுங்க, எஸ்.டி.ஆர்.ங்கறது பைப் தடிமன் வகை. மெயின் லைன் முக்கால் இஞ்ச், பிரிஞ்சு போறது அரை இஞ்ச். குழாய் வர்ற இடம், கீசர் இணைப்பு எல்லாத்துலயும் பித்தளை மரை வச்ச ஃபிட்டிங் மட்டும்தான். முழு பிளாஸ்டிக் மரையில கீசர் நிப்பிளை முறுக்கினா முதல்ல ஒண்ணும் தெரியாது, சூடு ஏறி இறங்கி ஏறி இறங்கி ஆறு மாசத்துல முடி மாதிரி கீறல் விடும். சால்வென்ட் ஒட்டினதுல இருந்து ஒரு நாள் கழிச்சு கைப்பம்ப் வச்சு பத்து கிலோ பிரஷர் ஏத்துங்க. முள்ளு ரெண்டு மணி நேரம் அசையாம நிக்கணும். அது முடியாம காடியை, அதாவது பைப்புக்குச் சுவர்ல வெட்டின பள்ளத்தை, பூச விடாதீங்க. முள்ளு நிக்கறதையும், சுவர்ல பைப் போற வழியையும் டேப் வச்சு போட்டோ எடுத்து வச்சுக்குங்க, பின்னாடி டவல் ராடுக்கு ட்ரில் போடும்போது உதவும்.

கழிவுக்கு எஸ்.டபிள்யூ.ஆர். (கழிவுநீர், மழைநீர் பி.வி.சி. பைப்) டைப் பி. டைப் ஏ மழைத்தண்ணிக்கும் வென்ட்டுக்கும் (காத்துப் போக்கிக்கும்) உள்ளது, விலை கம்மின்னு அதைப் போட்டுடுவாங்க. பைப் மேல அச்சடிச்சிருக்கும், படிச்சுப் பாருங்க. கமோடு லைன் 110 மில்லி, வாட்டம் நாப்பது அடிக்கு ஒரு அடி. ஷவருக்குத் தனி ட்ராப், வாஷ்பேசின் பக்கம் இன்னொண்ணு. ரெண்டுலயும் வாட்டர் சீல் (நாத்தம் ஏறாம தடுக்க ட்ராப்ல நிக்கற தண்ணி) 50 மில்லியாவது இருக்கணும். அதுக்குக் குறைவா இருந்தா ஊருக்குப் போய்ட்டு வர்றதுக்குள்ள சீல் காஞ்சு வீடு பூரா நாறும்.

வெளியே இறங்கற மெயின் பைப் எதுன்னு பாருங்க. அந்தக் காலத்து வீட்ல ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் பைப் இருக்க வாய்ப்பு அதிகம். அதைக் கட்டிங் மெஷின் வச்சுக் காய்ஞ்சபடி அறுக்கக் கூடாது, தூசி நுரையீரலுக்கு ஆபத்து. நனைச்சு, ஜாயின்ட்ல கழட்டி, மாடிக்கு மேல வென்ட் வரைக்கும் முழுசா மாத்திடறது நல்லது.

சேது_பெங்களூரு

நன்றி முருகேசன் அண்ணா. கமோடு சுவரில் தொங்குவதா, தரையில் நிற்பதா? அப்பாவுக்குத் தொங்குவது உடைந்து விழும் என்று பயம்.

குழாய்_முருகேசன்

அப்பா பயப்பட வேண்டாம். அந்தக் கமோடுகளை 400 கிலோ ஏத்திச் சோதிச்சுத்தான் தர்றாங்க. விழுந்த கேஸ் பெரும்பாலும் ஃபிரேமை, அதாவது கமோட்டைத் தாங்கற இரும்புச் சட்டத்தை, தப்பா நிறுத்தினதாலதான். ஆனா ஒண்ணு, பத்து வருஷம் கழிச்சு சுவத்துக்குள்ள இருக்கற சிஸ்டர்னுக்கு (ஃபிளஷ் தொட்டிக்கு) வால்வு, வாஷர் கிடைக்குமான்னு பாத்துட்டு பிராண்டு எடுங்க. நம்ம பெங்களூரு எஸ்.ஜே.பி. ரோடு ஹார்டுவேர் கடைத்தெருவுல நாலு கடை ஏறி ஸ்பேர் கேளுங்க. கிடைக்காத பிராண்டு எவ்வளவு அழகா இருந்தாலும் வேண்டாம்.

தூக்குக்குண்டு

இந்த அறைக்குத் தொங்குவதே சரி என்பேன், காரணம் அழகு இல்லை. கழிவு தரையிலிருந்து 22, 23 செ.மீ. உயரத்தில் நேராக வெளிச்சுவர் வழியே போய்விடும், தரை நிரப்புக்குள் 110 மில்லி பைப்பே ஓடாது. தரைக்குள் ஒரு இணைப்பு குறைந்தால் கசிய ஓர் இடம் குறைந்தது. மேடை முழுக்கப் போய்த் தரை ஒரே மட்டமாகும். உட்காரும் உயரத்தையும் நாமே தீர்மானிக்கலாம். வழக்கமான 16 இஞ்சுக்குப் பதில் பதினேழரை வைத்தால் மூட்டுவலிக்காரர்கள் எழுந்திருப்பது எளிது. ஃபிரேம் நிற்கும் முன்பே இதைச் சொல்லிவிட வேண்டும், பிறகு மாற்ற வழியில்லை.

தப்பு நடக்கும் இடம் எதுவென்றால், ஃபிரேமின் காலை ஏ.ஏ.சி. நிரப்பின் மேல் நிறுத்துவது. உட்கார்ந்து எழ எழ அது நசுங்கி, ஃபிரேம் ஒரு நூல் (எட்டில் ஒரு இஞ்ச்) இறங்கும், கமோட்டைச் சுற்றி டைல்ஸ் வெடிக்கும். கால் வரும் இடத்தில் ஸ்லாப்பிலிருந்தே ஆறு இஞ்ச் அகலத்துக்குக் காங்கிரீட் திட்டு எழுப்பி, அதில் போல்ட் அடியுங்கள். சிஸ்டர்னைப் புதைக்க வெளிச்சுவரைக் குடையாதீர்கள். சுவருக்கு முன்னால் ஏழு இஞ்ச் ஆழம், நாலடி உயரத்துக்குத் திண்டு மாதிரி ஒரு குட்டைச்சுவர் கட்டினால் அதன் தலை பொருள் வைக்கும் தட்டாகவும் ஆகும்.

மாடமும் அப்படியே. நாலரை இஞ்ச் சுவரில் மாடம் வெட்டக் கூடாது, ஒன்பது இஞ்ச் வெளிச்சுவரில் மூன்றரை இஞ்ச் ஆழம் வரை சரி. மாடத்தின் அடித்தட்டு முன்பக்கம் மூன்று மில்லி சரிந்திருக்கட்டும்.

நீர்மானி

எல்லாரும் தரையைப் பார்க்கிறீர்கள், நான் மாடியைப் பார்க்கிறேன். ஷவர் ஏழு அடி உயரத்தில் வரும். டேங்கின் அடி, பாத்ரூம் தரையிலிருந்து சுமார் 14 அடி. ஆக ஷவருக்கு மேல் தண்ணீர் நிற்கும் உயரம் 7 அடி, ஏறக்குறைய 2 மீட்டர். பத்து மீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் என்பதால் இது 0.2 கிலோ. டேங்க் நிரம்பியிருந்தால் 0.3. பெரிய ரெயின் ஷவர் பெரும்பாலானவை குறைந்தது அரை கிலோவாவது கேட்கும். இந்த அழுத்தத்தில் அதன் நடுவிலிருந்து நூல் நூலாக ஒழுகும், அவ்வளவுதான்.

உடனே எல்லாரும் பிரஷர் பம்ப் என்பார்கள். உங்களிடம் சோலார் இருப்பதால் அங்கே ஒரு கண்ணி இருக்கிறது. அது வென்ட் பைப் திறந்த, அழுத்தம் தாங்காத வகை சோலார் என்றால், குளிர்நீர் லைனில் மட்டும் பம்ப் போட்டவுடன் மிக்ஸருக்குள் (இரண்டு தண்ணீரும் கலக்கும் குழாய்க்குள்) குளிர்நீர் வெந்நீரைப் பின்னுக்குத் தள்ளும். தண்ணீர் வெந்நீர்ப் பைப்பில் மேலேறி சோலாரின் வென்ட் வழியாக மொட்டை மாடியில் கொட்டும். கீழே ஷவரில் வெந்நீரே வராது. சோலாருக்குள் தண்ணீர் போகும் பக்கம் பம்ப் வைத்தால் அதைவிட மோசம், அதன் தொட்டியே பிளக்கும். சரியான வழி: குளிருக்கு ஒரு பம்ப், சோலாரிலிருந்து வெளியே வரும் லைனில் சூட்டைத் தாங்கும் இன்னொரு பம்ப், இரண்டும் ஒரே அழுத்தத்தில், இரண்டிலும் தண்ணீர் பின்னால் திரும்பாமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு. சின்ன இன்லைன் பம்ப் போதும், ஒரு கிலோவுக்கு மேல் இந்த அறைக்குத் தேவையில்லை.

அல்லது பம்ப்பே வேண்டாம் என்றால் குறைந்த அழுத்தத்துக்கென்றே வரும் 4 இஞ்ச் ஷவரும் ஒரு ஹேண்ட் ஷவரும் வையுங்கள். பெரியவர்களுக்கு ஹேண்ட் ஷவர்தான் வசதி.

கீசர் கணக்கையும் பாருங்கள். டிசம்பர் காலையில் டேங்குத் தண்ணீர் 20 டிகிரி, கீசரில் 60 டிகிரி என்று வைத்தால், 15 லிட்டரைக் குளிக்கும் 40 டிகிரிக்குக் கலக்கும்போது 30 லிட்டர் கிடைக்கும். நிமிஷத்துக்கு 12 லிட்டர் கொட்டும் ரெயின் ஷவரில் அது இரண்டரை நிமிஷம். 25 லிட்டர் கீசரும் 8 லிட்டர் ஷவரும் என்றால் ஆறு நிமிஷத்துக்கு மேல் வரும். 2024 மார்ச் தட்டுப்பாட்டின்போது குடிநீர் வாரியம் குழாய்களில் ஏரேட்டர் (காற்றைக் கலந்து தண்ணீரைக் குறைக்கும் முனை) பொருத்தச் சொன்ன ஊர் இது. குறைவாகக் கொட்டும் ஷவரே பெங்களூருக்குப் பொருந்தும்.

கடைசியாக, உங்கள் தண்ணீரின் ஹார்ட்னெஸ், அதாவது கடினத்தன்மை, எவ்வளவு? டி.டி.எஸ். மீட்டரில் பார்க்காதீர்கள், அது கரைந்திருக்கும் எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டும், அது வேறு. ஹார்ட்னெஸ் கிட்டில் பாருங்கள்.

சேது_பெங்களூரு

கிட்டில் லிட்டருக்கு 450 மி.கி. வந்தது. காவேரி வராத வாரம் இன்னும் கூடலாம். கறுப்புக் குழாய் வேண்டாம் என்று சொல்லப்போகிறீர்களா?

நீர்மானி

குடிநீர்த் தரத்தில் ஏற்கத்தக்க அளவு 200, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை. 450 என்றால் ஒவ்வொரு சொட்டும் காய்ந்த இடத்தில் வெள்ளைப் புள்ளி வைக்கும். மேட் கறுப்பில் அது சுண்ணாம்பு தெளித்த மாதிரி தெரியும். துடைக்க ஆசிட் எடுத்தால் கறுப்புப் பூச்சே போய்விடும். தண்ணீர் படும் குழாய், ஷவர், ஹெல்த் ஃபாசெட் எல்லாம் குரோமில் இருக்கட்டும். கறுப்பு ஆசைக்குக் கண்ணாடிச் சட்டம், டவல் ராடு, கதவுக் கைப்பிடி போதும்.

கடினத்தன்மையை நீக்கும் சாஃப்ட்னர் போடுவதென்றால் கணக்கு இது. நான்கு பேர், ஆளுக்கு 100 லிட்டர், நாளைக்கு 400 லிட்டர். 450 மி.கி. வீதம் 180 கிராம் கடினத்தன்மை. சாஃப்ட்னருக்குள் கடினத்தன்மையைப் பிடிக்கும் மணிகள்தான் ரெசின், ஒரு லிட்டர் ரெசின் சுமார் 50 கிராம் பிடிக்கும். 25 லிட்டர் ரெசின் என்றால் 1,250 கிராம், வாரத்துக்கு ஒரு முறை உப்புக் கழுவல், ஒவ்வொரு தடவையும் நாலு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக உப்பு. ஆனால் அதை டேங்கிலிருந்து இறங்கும் லைனில் வைத்தால் இருக்கும் 0.2 கிலோவையும் அதுவே தின்றுவிடும். சம்ப் மோட்டாருக்கும் டேங்குக்கும் நடுவில் வையுங்கள், சோலாருக்கும் சேர்த்துப் பாதுகாப்பு. அப்படி வைத்தால் வீட்டுத் தண்ணீர் முழுவதும் அதன் வழியே போகும், ரெசினை அந்தக் கணக்குக்குப் பெரிதாக எடுக்க வேண்டும்.

சாஃப்ட்னர் இல்லாவிட்டாலும் கீசரை 55 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள், சூடு ஏற ஏறப் படிவு வேகமாகும். உள்ளே தொட்டி துருப்பிடிக்காமல் காக்கும் மெக்னீசியம் ஆனோடு ராடை வருஷம் ஒரு முறை கழற்றிப் பார்க்க வேண்டும். கீசரைப் பரணில் படுக்கை வகையாக வைத்து ஃபால்ஸ் சீலிங் மூடுவதானால், கை மட்டும் நுழையும் ஓட்டை பத்தாது, இரண்டுக்கு இரண்டு அடி கதவு வையுங்கள்.

கயல்_இன்டீரியர்

நீர்மானி சார் சொன்ன குரோம் சரி. ஆனா அறை பழசாத் தெரியுமோன்னு சேது சார் கவலைப்பட வேண்டாம். அறையைப் புதுசாக் காட்டறது குழாய் நிறம் இல்லை, இணைப்புக் கோடு குறைவா இருக்கிறதும், தரையில எதுவும் நிக்காம இருக்கிறதும்தான்.

7 அடி வெளிச்சுவரிலேயே எல்லாத்தையும் வரிசையா வைங்க. கதவிலிருந்து முதல் 18 இஞ்ச் வாஷ்பேசின், அடுத்த 30 இஞ்ச் கமோடு, நடுக்கோட்டிலிருந்து ரெண்டு பக்கமும் 15 இஞ்ச் விட்டு. இது நாலு அடி. மிச்சம் மூணு அடி ஷவர். திண்டும் கமோடும் சேர்ந்து 28 இஞ்ச் முன்னால் வரும், 5 அடி அகலத்துல நடக்க 32 இஞ்ச் கிடைக்கும், தாராளம். கண்ணாடி மூணு அடி வேண்டாம், ரெண்டரை அடி நிலையான ஒரே பலகை, ரெண்டரை அடி திறப்பு. குளியல் ஸ்டூல் உள்ளே போகணும், பின்னால ஒருத்தர் பிடிச்சுக்க இடமும் வேணும். கதவு போட்ட அடைப்பு இந்த அறைக்கு ஆகாது.

2×4 டைல்ஸை நிமிர்த்து ரெண்டு வரிசை வச்சா எட்டு அடி. கீழ் விளிம்பு தரை வாட்டத்துக்குள்ள ஒரு இஞ்சுக்கு மேல இறங்கும். அதனால ஃபால்ஸ் சீலிங்கை 7 அடி 10 இஞ்ச்ல நிறுத்துங்க, மேலே வெட்டுத்துண்டு வராது. சீலிங்குக்கு சாதா ஜிப்சம் வேண்டாம், கால்சியம் சிலிகேட் பலகை. டைல்ஸ் கணக்கு 24, பெட்டிக்கு ரெண்டு வீதம் 12 பெட்டி. 13 வாங்குங்க. எல்லாப் பெட்டியிலும் ஷேடு (நிற) எண்ணும் கேலிபர் (அளவு) எண்ணும் ஒண்ணான்னு லாரியிலிருந்து இறக்கும்போதே பாருங்க. ஒட்டின பிறகு கடைக்காரர் மாத்தித் தர மாட்டார்.

தரைக்கு 2×4 போடாதீங்க. நாலு பக்கமும் சரியற வாட்டத்துக்குப் பெரிய டைல்ஸ் வளையாது, மூலையில தூக்கி நிக்கும். ஷவர் கடைசிச் சுவரை ஒட்டி நீள ட்ரெய்ன் வச்சு ஒரே பக்கமா வாட்டம் குடுங்க, உலர்ந்த பகுதியில அடிக்கு ஒரு நூல், அதாவது எட்டில் ஒரு இஞ்ச், ஷவர்ல ரெண்டு நூல். நாலடிக்கு அரை இஞ்ச், மூணடிக்கு முக்கால், மொத்தம் ஒண்ணே கால் இஞ்ச் இறக்கம். தரை டைல்ஸ் 1×1 அடி மேட். கடையில ஆர்.10, ஆர்.11னு காட்டுவாங்க, அது செருப்புக் காலுக்கான அளவு. வெறுங்காலுக்கு ஏ, பி, சின்னு தனி அளவு இருக்கு, பி-யாவது கேளுங்க. எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கிற வீடுன்னா இது ரொம்ப முக்கியம். ட்ரெய்ன்ல கழட்டற வலையும் இருக்கணும், எண்ணெயும் சீயக்காயும் முடியும் சேர்ந்து அடைக்கும்.

மார்பிள் எங்கேயும் வேண்டாம். இந்தத் தண்ணிக்குக் கறை நீக்க எதையாவது ஊத்துவீங்க, மார்பிள் அரிச்சுடும்.

ரசமட்டம்

கயல் மேடம் சொன்னதோடு ஒட்டும் முறையும். கண்ணாடி போல இறுகச் சுட்ட விட்ரிஃபைடு டைல்ஸ் தண்ணீரை அநேகமாக உறிஞ்சாது, சிமென்ட் பால் ஊற்றி ஒட்டினால் பிடிக்காது. டைல்ஸ் பசைக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 15477-இல் டைப் 2 அல்லது 3 அட்ஹெசிவ் எடுங்கள். பல் கரண்டியால் சுவரில் ஒரே திசையில் கோடு இழுத்து, டைல்ஸின் முதுகிலும் மெல்லியதாகத் தடவி ஒட்ட வேண்டும். நான்கு மூலையிலும் நடுவிலும் உருண்டை வைத்து ஒட்ட விடாதீர்கள், பின்னால் பொள்ளலில் தண்ணீர் நிற்கும். 20 கிலோ மூட்டை சுமார் 40 சதுர அடி, உங்களுக்கு ஆறு மூட்டை போதும். ஒரு டைல்ஸை ஒட்டிய உடனே பிடுங்கி முதுகைப் பாருங்கள். முழுக்கப் பசை பட்டிருந்தால் மேஸ்திரி சரியாகச் செய்கிறார்.

இடைவெளி 2 மில்லி, அதை அடைக்க எபாக்ஸி க்ரௌட், இது தனித்தனிப் பாகமாக வரும். பாகங்களை முழுப் பொதியாகவே கலக்க வேண்டும், கண்ணளவில் பாதி எடுத்துக் கலந்தால் இறுகாது. டைல்ஸ் மேல் படிந்த படலத்தை அன்றே துடைக்க வேண்டும், மறுநாள் அது கல்.

டைவர்ட்டர் (தண்ணீரை ஷவருக்கோ வாளிக்குழாய்க்கோ திருப்பும், சுவருக்குள் புதைக்கும் வால்வு) உடம்பின் பிளாஸ்டிக் மூடியில் குறைந்தது, அதிகபட்சம் என்று இரண்டு கோடு இருக்கும். டைல்ஸின் முகம் அந்த இரண்டுக்கும் நடுவில் வர வேண்டும். காடி வெட்டும்போதே பூச்சு, பசை, டைல்ஸ் மூன்றையும் கூட்டிக் கணக்குப் போடச் சொல்லுங்கள். ஆழமாகப் புதைந்துவிட்டால் கைப்பிடி எட்டாது. நாலரை இஞ்ச் சுவரில் டைவர்ட்டர் வைத்தால் அடுத்த அறைப் பூச்சு வெடிக்கும், ஒன்பது இஞ்ச் சுவரில் வையுங்கள்.

மின்கம்பி

மின்சாரம் பற்றி யாரும் சொல்லவில்லை. 2 கிலோவாட் கீசர் ஒன்பது ஆம்பியர் வாங்கும். பழைய வயரை நம்பாமல் பெட்டியிலிருந்து தனியாக 4 சதுர மில்லி இழுங்கள், 20 ஆம்பியர் இரட்டைத் துருவ சுவிட்ச் பாத்ரூமுக்கு வெளியே. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாமல் கீசரை இயக்கவே கூடாது. அது வேலை செய்ய எர்த் இருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள், எர்த் இல்லாவிட்டாலும் ஆள் மேல் பாயும்போது துண்டிக்கும். ஆனால் உடம்பில் பாயும் முன்பே துண்டிக்க எர்த்தும் வேண்டும். 1987 எர்த் குழியைத் தோண்டி அளந்து பாருங்கள்.

எக்ஸாஸ்ட் 6 இஞ்ச் போதும். 280 கன அடி அறை, மணிக்குப் பத்து தடவை காற்று மாற நிமிஷத்துக்கு 47 கன அடி, எந்த 6 இஞ்ச் ஃபேனும் அதைத் தாண்டும். கதவின் அடியில் அரை இஞ்ச் விட்டால்தான் காற்று உள்ளே வரும்.

சேது_பெங்களூரு

எல்லாருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். கைப்பிடிக் கம்பி எங்கே, எதில் அடிப்பது? கண்ணாடிக்காரர் இப்போதே அளவெடுத்து ஆர்டர் போடலாம் என்கிறார், போடலாமா?

தூக்குக்குண்டு

கம்பி தரையிலிருந்து 33 முதல் 36 இஞ்ச் உயரம், கமோடு பக்கம் ஒன்று, ஷவருக்குள் ஒன்று. கமோடு பக்கத்துக் கம்பியைச் சிஸ்டர்னை மூடும் பலகையில் அடிக்கக் கூடாது. திண்டைச் செங்கல்லால் கட்டச் சொல்லி, கம்பி வரும் இடத்தில் காங்கிரீட் துண்டு வைத்துக் கட்டுங்கள். டைல்ஸில் மெதுவாக, தட்டாமல் துளைத்து, போல்ட் செங்கல்லில் இரண்டரை இஞ்ச் இறங்க வேண்டும். துளையில் சிலிகான் நிரப்பிய பிறகுதான் முறுக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த ஓட்டை வழியே வாட்டர்ப்ரூஃபிங்குக்குப் பின்னால் தண்ணீர் போகும்.

வாளிக்குழாயையும் விட்டுவிடாதீர்கள். டைவர்ட்டரின் கீழ்மூக்கு தரையிலிருந்து 27 இஞ்சில் வந்தால் 20 லிட்டர் வாளி தாராளமாக நிற்கும்.

கயல்_இன்டீரியர்

கண்ணாடி இப்போ வேண்டவே வேண்டாம் சேது சார். டஃபண்டு கண்ணாடியை (சூட்டில் உறுதியாக்கின கண்ணாடியை) பிறகு ஒரு மில்லி கூட வெட்ட முடியாது, துளையும் போட முடியாது. டைல்ஸ், க்ரௌட் எல்லாம் முடிஞ்சு, தரை வாட்டத்தோட நேர்ல அளக்கணும். அடி, நடு, மேல்னு மூணு இடத்துல அகலம் எடுக்கச் சொல்லுங்க, பழைய சுவர் எதுவும் தூக்குக்கு நிக்காது. 8 மில்லி தடிமன், மேலே சுவரோட பிடிக்க ஒரு கம்பி. கீழே அலுமினியச் சட்டம் போட்டா உப்பு தங்கும், சிலிகான் மட்டும் போதும்.